பார்போரா பேரில் பட்டா

நெப்ராஸ்கா, ஜூன் 27, 1983

அன்புள்ள மார்லீனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் அலாஸ்காவில் சளி காய்ச்சல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கப்பாவும் நானும் உயிரோடு இருக்கிறோம், ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், அதற்கு மேல் இப்போதைக்குச் சொல்வதற்கில்லை. கிழக்குப் பக்கத்துச் சோளத்தை ஆலங்கட்டி மழை கிழித்துப் போட்டுவிட்டது, மற்றதெல்லாம் தப்பித்தது. இரண்டு மாதமாகக் கடிதம் இல்லையே என்று நீ போனில் கோபித்துக்கொண்டாய். எனக்கு மட்டும் எழுத ஆசையில்லையா, உங்கப்பாவின் தாத்தா என்னை உட்கார விட்டால்தானே. செத்துப்போன மனுஷர் ஒருவர் உயிரோடிருக்கும் பொம்பளையை இவ்வளவு அலைக்கழிக்க முடியும் என்று இந்த வருஷம்தான் தெரிந்துகொண்டேன்.

நம் கவுண்டிக்கு, அதாவது மாவட்டத்துக்கு, இது நூறாவது வருஷம் என்று உனக்குத் தெரியும். முதல் பட்டா வாங்கின குடும்பத்தின் கையிலேயே நிலம் இன்னும் இருந்தால், கோர்ட்டு முன்னால் புல்வெளியில் அந்தக் குடும்பத்துக்கு ஒரு கல் நட்டுக்கொள்ளலாம், ஆனால் பட்டா யார் பேரில் இருந்தது என்பதற்குக் காகிதம் காட்ட வேண்டும் என்று விழாக் கமிட்டியில் சொன்னார்கள். வேறு யாராக இருந்தாலும் முதலில் காகிதத்தைத் தேடியிருப்பார்கள். உங்கப்பா முதலில் கல்லுக்குச் சொல்லிவிட்டு வந்தார். மாதேய் கோவரிக், பிள்ளைக்காகப் பனியில் உயிர் கொடுத்தவர் என்று எழுத்தும் வெட்டியாகிவிட்டது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நீ கேட்ட கதைதானே, கைக்குழந்தையாக இருந்த உன் தாத்தா வாட்ஸ்லாவுக்குக் காய்ச்சல் கண்டதும், மாதேய் மருந்து வாங்க டவுனுக்கு நடந்து போய், திரும்பும் வழியில் பனிப்புயலில் மாட்டிக்கொண்டு, மருந்துப் புட்டியைக் கையில் பிடித்தபடியே விறைத்துக் கிடந்தார் என்று. கல்லைச் சொல்லி முடித்த பிறகு என்னிடம் வந்து, இர்மா, உனக்குத்தான் டைப் அடிக்கத் தெரியுமே, அந்தக் காகித வேலையை மட்டும் பாத்துடு என்றார். அந்த மட்டும் என்ற வார்த்தை பிப்ரவரியில் ஆரம்பித்தது.

கோர்ட்டில் நிலப் பதிவு ஆபீஸில் புத்தகத்தைத் திறந்தால் நம் நிலத்துக்கு நேராக பி. கோவரிக் என்று இருக்கிறது. மாதேய்க்கு எம் வரவேண்டிய இடத்தில் பி எப்படி வரும் என்று நான் கேட்டேன், எழுதினவன் குடிச்சிருப்பான் என்று உங்கப்பா சொன்னார், அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணின் காதில் விழும்படியே சொன்னார். சரி, மக்கள்தொகைக் கணக்கைப் பார்ப்போம் என்று தலைநகர் லிங்கனுக்குப் போனோம். இருட்டறையில் பழைய கணக்கைப் படம் பிடித்து வைத்திருக்கும் பிலிம் சுருளைச் சுற்றிச் சுற்றி எனக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம். கணக்கெடுக்க வந்தவர்கள் நம் பேரை ஒருத்தன் கோப்ரிக் என்கிறான், ஒருத்தன் கௌரி என்கிறான். 1890 கணக்கைக் கேட்டால் அது வாஷிங்டனில் தீப்பிடித்துப் போய்விட்டதாம். உங்கப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார் பார், நான்தான் தீப்பெட்டியோடு போனேன் என்பது போல. கடைசியில் 1885-ல் மாநிலம் எடுத்த கணக்கில் கிடைத்தார்கள், மாதேயின் மனைவி பார்போரா கோவரிக், நான்கு பிள்ளைகள், கடைக்குட்டி வாட்ஸ்லாவ், அவளுக்கு நேரே விதவை என்று எழுதியிருந்தது. பாத்தியா, விதவை, பாத்தியா என்று உங்கப்பா திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நானும் இத்தோடு விட்டது என்று நினைத்தேன்.

ஆனால் கமிட்டிக்குப் பட்டாவின் மூலக் காகிதம்தான் வேண்டுமாம். வாஷிங்டனுக்கு எழுதிப் போட்டு ஒரு தடித்த உறை வந்தது. அடுப்பில் இறைச்சி வெந்துகொண்டிருந்தது, நான்தான் பிரித்து வாசித்தேன். மாதேய் பேரில் இருந்த மனு ரத்து என்று முதல் தாளிலேயே இருந்தது. அடுத்த தாளில் பார்போராவின் வாக்குமூலம். என் புருஷன் ரயில்பாதை வேலைக்குப் போகிறேன் என்று 1881 வசந்த காலத்தில் போனான், இரண்டு கடிதம் போட்டான், பிறகு ஒன்றும் இல்லை, அவன் என்னைக் கைவிட்டான் என்று சத்தியம் செய்கிறேன், குடும்பத்தலைவி என்ற முறையில் என் பேருக்கு நிலத்தைக் கேட்கிறேன். உங்கப்பா முள்கரண்டியை வைத்துவிட்டு, இது வேற பார்போரா என்றார். அதே நிலம், அதே நான்கு பிள்ளைகள், வேற பார்போரா. அல்பினா அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னார், அவள் என்னைக் கூப்பிடச் சொல்லி, எங்க குடும்பத்துல ஒரு நல்ல மனுஷன் இருந்தாரு, அவரையும் நீ பிலிம் போட்டுக் கெடுத்துட்டியா என்றாள். போனை வைத்தவள்தான், அதற்குப் பிறகு என்னோடு பேச்சு இல்லை.

இந்த நேரம் பார்த்து ஓரிகனிலிருந்து ஒரு கடிதம். உங்கப்பா குளிர்காலத்திலேயே வம்சம் தேடுகிறவர்களின் பத்திரிகை ஒன்றில் மாதேய் கோவரிக்கைப் பற்றி அறிந்தவர்கள் எழுதவும் என்று பெருமையாக விளம்பரம் கொடுத்திருந்தார், அதற்குப் பதில். டெல்ஃபின் என்று ஒரு அம்மாள், எழுபது தாண்டியவர், அவருடைய தாத்தா பேரும் மாதேய் கோவரிக், நம்மவர்கள் கப்பல் ஏறி வந்த பொஹீமியாவில் அதே ஊர். தாத்தா நெப்ராஸ்காவில் முதல் மனைவியையும் பிள்ளைகளையும் ஒரு பனிப்புயலில் பறிகொடுத்துவிட்டு மேற்கே வந்தவர் என்று சொல்லி வளர்த்தார்கள், அவர்கள் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்று தெரிந்தால் ஒரு பூ வைப்பேன் என்று எழுதியிருந்தார். அதாவது மார்லீன், இங்கே நாம் அவரைப் பனியில் கொன்று வைத்திருக்கிறோம், அங்கே அவர் நம் எல்லோரையும் பனியில் கொன்று வைத்திருக்கிறார். நான் சிரித்துவிட்டேன், அடக்க முடியவில்லை. 1900 கணக்கில் ஓரிகன் சுருளை எடுத்துப் பார்த்தேன், பிறந்த மாதம், கப்பல் ஏறி வந்த வருஷம், எல்லாம் அச்சு அசல். அந்த அம்மாள் ஒரு படம் வேறு அனுப்பியிருந்தார், உங்கப்பாவுக்கு மீசை வைத்தால் அதே காது, அதே மூஞ்சி.

படத்தைப் பார்த்ததும் உங்கப்பா எழுந்து டிராக்டர் கொட்டகைக்குப் போனவர் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் வந்தார். ஒரு வாரம் அப்படியே. நான் கௌரவம் போச்சே என்றுதான் முறுக்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து, எத்தனை நாளைக்கு இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருப்பீங்க என்று கேட்டுவிட்டேன். அப்போதுதான் சொன்னார். எங்கப்பா ஒரு நாளும் மருந்து குடிக்க மாட்டார், உனக்குத் தெரியுமா, நிமோனியா வந்தப்பகூட வாயைத் திறக்கல, என்னால ஒருத்தர் செத்தது போதும்னுட்டார், எழுபது வருஷம் அந்த மனுஷன் தன்னாலதான் அப்பா செத்தார்னு நெனச்சுக்கிட்டே இருந்தார், கிழவி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, அவன் ஓடிப்போயிட்டான்டா, உன்னால இல்லடான்னு. அவருக்கு மாதேய் மேல் கோபமே இல்லை. கோபமெல்லாம் பார்போரா மேல். நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஓடிப்போனவன் பிள்ளைகள் என்ற பேரோடு பிள்ளைகள் வளரக்கூடாது என்று பார்போரா நினைத்திருப்பாள், கதையில் கைக்குழந்தையைச் சேர்த்தபோது அது எங்கே போய்க் குத்தும் என்று யோசித்திருக்கமாட்டாள்.

கல் அப்படியே கிடந்தது, விழாவுக்கு இரண்டு வாரம்தான், கமிட்டித் தாளில் மாதேய் பேரைப் போட்டுக் கையெழுத்துப் போடு என்று அல்பினா ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள், மாட்டேன் என்று நானும் சொல்லி அனுப்பினேன். இதற்கு நடுவில் டெல்ஃபின் அம்மாள் பஸ் ஏறி வந்து இறங்கிவிட்டார், இங்கே பனியில் யாரும் செத்துப்போகவில்லை என்று நான் அவருக்கு எழுதியதுதான் தப்பு. உன் அறையில்தான் தங்கியிருக்கிறார். காலையில் ஐந்து மணிக்கே எழுந்து என் சமையலறையில் பாத்திரத்தை இடம் மாற்றுகிறார், நான் செய்த கொலாச்சி ரொட்டியில் கசகசா கம்மி என்கிறார், அவர் செய்தால் கல் மாதிரி இருக்கிறது. உங்கப்பா முதல் இரண்டு நாள் அவரைக் கண்டதும் வெளியே போய்விடுவார். மூன்றாம் நாள் அந்த அம்மாளே லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, நிலத்தைக் காட்டுங்க தம்பி, நான் ஒண்ணும் பங்கு கேக்க வரல என்றார். வேறு வழியில்லாமல் கூட்டிப்போனார், நானும் நடுவில் இடிபட்டுக்கொண்டு போனேன். ஓடைப் பக்கம் பார்போராவின் மண்கட்டி வீடு இருந்த மேட்டில் நின்றுகொண்டு உங்கப்பா கேட்டார், அங்கயாவது அவர் நல்லா இருந்தாரா என்று. எங்க நல்லா இருந்தாரு, எங்கப்பாவுக்கு இருபது வயசு இருக்கும்போது அங்கேருந்தும் போயிட்டாரு, 1910 கணக்குல எங்க பாட்டியும் விதவைன்னுதான் சொல்லியிருக்கா, ஆனா எங்கேயும் கல்லறை இல்ல என்றார் அந்த அம்மாள். உங்கப்பா சிரிக்க ஆரம்பித்தார், அந்த அம்மாளும் சிரித்தார், இரண்டு பேரும் அந்த ஒரே மாதிரிக் காதோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். அக்கா, புல்லு வழுக்கும், கையைப் பிடிச்சுக்கோங்க என்றார் உங்கப்பா திரும்பும்போது.

அன்றைக்கு மத்தியானம் அந்த உறையை மறுபடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார், நான் பார்போராவின் வாக்குமூலத்தோடு நிறுத்தியிருந்தேன், பின்னால் இருந்த சாட்சிகளின் தாளை நானும் வாசித்ததில்லை. வாசித்துவிட்டு நேரே கல் வெட்டுகிறவரிடம் போனார். போன சனிக்கிழமை விழாவில் கல்லின் மேல் துணியை எடுத்தபோதுதான் எனக்கே தெரியும், பார்போரா கோவரிக் என்று மட்டும் இருந்தது, அதே கல்லைத் தலைகீழாகப் புரட்டி வெட்டச் சொல்லியிருக்கிறார், மாதேய் பேர் அடிப்பக்கம், மண்ணுக்குள். குடும்பத்துக்கு ஒருத்தர் பேச வேண்டும் என்று மைக்கைக் கொடுத்தார்கள். எங்க நிலத்தை வாங்கினது இவங்க, எங்க தாத்தா மருந்து வாங்கப் போகல, விட்டுட்டுப் போயிட்டார், பக்கத்து நிலத்து ஸ்வீடன்காரர் சாட்சி சொல்லியிருக்கார், இந்த அம்மா கைக்குழந்தையை முதுகுல கட்டிக்கிட்டு ஏர் ஓட்டினதை நான் பாத்தேன்னு, அந்தக் குழந்தை எங்கப்பா, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். அல்பினா பின்வரிசையில் நின்றிருந்தாள், வரமாட்டேன் என்றவள்தான். என்னிடம் வந்து, அப்பா முதுகுலயா இருந்தார் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உருளைக்கிழங்கு சாலட்டில் உப்பு போதவில்லை என்று சொல்லிவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

இத்தோடு முடிந்தது என்று நீ நினைப்பாய், எனக்கும் அந்த ஆசைதான். ஆனால் சமையலறை மேஜையில் இப்போது இரண்டு பேர் வரைபடத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். 1908-ல் ஓரிகனை விட்டுப் போனவர் எங்கே போயிருப்பார் என்று பார்த்து, தங்கம் தேடி உங்கள் பக்கம்தான் வந்திருப்பார் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். அப்பா உனக்குத் தனியாக எழுதுவார். ஃபேர்பேங்க்ஸ் போய்ப் பழைய கணக்கெல்லாம் பார் என்பார். உனக்கு ஆஸ்பத்திரி வேலை இருக்கிறது, லீவு கிடையாது என்று எழுதிவிடு. உடம்பைப் பார்த்துக்கொள், மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் சேர்ந்து வாழ வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். அல்பினா அத்தைக்கு வரும் ஒன்பதாம் தேதி பிறந்தநாள், மறக்காமல் ஒரு அட்டை போடு. ஒருவேளை நீ போய்த் தேடி ஏதாவது கிடைத்தால், அங்கேயும் ஒருத்தி விதவை என்று எழுதி வைத்திருந்தால், முதலில் எனக்கு எழுது, அப்பாவுக்கு நான் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா
இர்மா கோவரிக்