தீப்தி வீட்டு அடுப்புமேடை

ஜூன் 8, ஞாயிறு

தீப்திக்கு ஸ்டுட்கார்ட்டில் வீடு கிடைத்துவிட்டது. சாவியும் வாங்கிவிட்டாள். சந்தோஷம்தான். ஆனால் வீட்டில் சமையலறையே இல்லையாம்! சுவரும் குழாய் முனையும்தான். அடுப்புமேடை, அலமாரி, தொட்டி எல்லாம் குடிவருகிறவர்களே வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டும். காலி செய்து போகிறவர் விளக்கைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விடுவாராம். நல்ல ஊர்.

"அப்பா, நீங்களே டிராயிங் போட்டுக் குடுங்க. கடைக்காரன் அதைப் பாத்துச் செஞ்சிடுவான்" என்றாள். தொழிற்சாலை டிராயிங் ஆபீஸில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவனுக்கு, ஓய்வுபெற்ற பிறகு வந்த முதல் வேலை. எங்கள் பேட்டை சாங்வி முழுக்கச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 11, புதன்

அளவுகள் வாட்ஸ்அப்பில் வந்தன. சுவர் சரி, ஜன்னல் சரி. அடுப்புமேடை (பக்கத்து வீட்டு மராத்திக்காரர்களைப் போல நாங்களும் 'ஓட்டா' என்றே சொல்லிப் பழகிவிட்டோம்) உயரம் 99 சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கிறாள். எங்கள் வீட்டு ஓட்டா 84. தீப்தி அவள் அம்மாவைவிட அரை அங்குலம் குள்ளம். 99-இல் சப்பாத்தி தேய்க்க வேண்டுமானால் ஸ்டூல் போட்டு ஏற வேண்டியதுதான். இவ்வளவு படித்த பெண்ணுக்கு ஒரு டேப்பை நேராகப் பிடிக்கத் தெரியவில்லை. 84 என்று திருத்தி, டிராயிங் போட்டு அனுப்பினேன்.

ஜூன் 13, வெள்ளி

"அரே அப்பா, தொண்ணூத்தொம்பதுதான். மாத்தாதீங்க, ப்ளீஸ்." தீப்தி போனை வைத்துவிட்டாள். யாரைக் கொண்டு பிறந்தாளோ, இந்தப் பிடிவாதம்.

ஜூன் 14, சனி

காலையிலிருந்து மழை. விசாலம் மேத்திக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "உன் பொண்ணுக்கு அளவு சொன்னாப் புரிய மாட்டேங்குது" என்றேன். "அவ சொன்னபடியே போட்டுக் குடுங்களேன்" என்றாள். பெண்ணுக்கு வக்காலத்து வாங்குவது அவளுக்குப் புதிதல்ல. ஆனால் இன்று நிமிர்ந்தே பார்க்கவில்லை.

மறுபடி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நிற்கிற ஆளின் முழங்கைக்குப் பதினைந்து சென்டிமீட்டர் கீழே மேடை இருக்க வேண்டும். மேடை 99 என்றால் முழங்கை 114. முழங்கை 114 என்றால் ஆள் ஆறடி.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அவள் தப்பாக அளக்கவில்லை. யாரை அளந்திருக்கிறாள்?

ஜூன் 15, ஞாயிறு

கேட்டேன். விசாலம் சொல்லிவிட்டாள். பெயர் யோனாஸ். தீப்தியோடு வேலை பார்க்கிற ஜெர்மன்காரன். சமையல் அவன்தானாம். அந்த வீட்டுக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் குடிபோகிறார்கள். கல்யாணமும் இல்லை, காட்சியும் இல்லை. விசாலத்துக்கு எட்டு மாதமாகத் தெரியும்.

எட்டு மாசம்! ஒரே வீட்டுல, எதிர்ல உக்காந்து சோறு போட்டுக்கிட்டு... "எங்கிட்ட ஏன்டி மறைச்சீங்க?" என்று கத்தினேன்.

"எதைச் சொன்னாலும் முதல்ல அதுல என்ன தப்புன்னுதான் பாப்பீங்க. அவளுக்குப் பயம்ங்க."

பயமா? எங்கிட்டயா? எம் பொண்ணு எனக்கு வேலை குடுத்திருக்கான்னு ஊரெல்லாம் தமுக்கு அடிச்சேனே, அந்த முட்டாள்கிட்டயா?

ஜூன் 17, செவ்வாய்

தீப்தி மூன்று முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

திங்கட்கிழமைக்குள் டிராயிங் வராவிட்டால் கடைக்காரனே போட்டுக்கொள்வான் என்று விசாலம் வழியாகச் செய்தி. போட்டுக்கொள்ளட்டுமே.

எழுதிவிட்டு யோசிக்கிறேன். கடைக்காரனே போடுவான் என்றால் என்னிடம் ஏன் கொடுத்தாள்? உயரம் 84 என்று ஒரு பொய் எழுதியிருந்தால் எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது. அப்பன் ஒரு எண்ணைச் சும்மா தாண்டிப் போகிறவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். வாயால் சொல்ல வராததை அளவாக எழுதி அனுப்பியிருக்கிறாள். நான் அதையும் தப்பு என்று அடித்துத் திருத்தி அனுப்பினேன்.

வெட்கமாக இருக்கிறது. கோபமும் போகவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

நானே வீடியோவில் கூப்பிட்டேன். "அப்பா" என்றவள் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் வேலையைப் பேசினேன்.

"அழாதம்மா. ரெண்டு பேரு புழங்குற எடத்துல ஒரே உயரம் சரிவராது. நீ காய் நறுக்குற பக்கம் எண்பத்தி நாலு வை. அடுப்புப் பக்கத்துக்கு ஆளோட அளவு வேணும். முழங்கையை மடக்கிட்டு நிக்கச் சொல்லு."

யாரை என்று அவள் கேட்கவில்லை. போனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டு டேப்பை எடுக்க ஓடினாள். வெறும் சுவர் தெரிந்தது. ஓர் ஆள் வந்து நின்றான். நீலச் சட்டை. பள்ளிக்கூடத்தில் உயரம் பார்க்க நிறுத்தியதுபோல அப்படி ஒரு விறைப்பு. திரையில் கழுத்து வரைக்கும்தான் இருந்தான். தீப்தி குனிந்து, தரையிலிருந்து டேப்பை நேராகவே பிடித்தாள்.

"நூத்திப் பதினாலு. போதுமாப்பா?"

எழுதிக்கொண்டேன். விசாலம் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள்.

"போதாது" என்றேன். "போனைக் கொஞ்சம் தூக்கிப் பிடி. முகம் தெரியல."