சினை பிடிக்காத கோடை

அன்பு மகள் டெர்வ்லாவுக்கு அம்மா எழுதுவது. நான் நடமாடுகிறேன், உன் தம்பி ஃபின்டன் ஏதோ சாப்பிடுகிறான், அதற்குமேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நியூசிலாந்தில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். போன செவ்வாய் நம் தொழுவத்து முற்றத்தில் நின்றவர்கள் பெயரை முதலில் எழுதிவிடுகிறேன், நாளைக்கு ஒருவரும் தான் அங்கே இல்லை என்று சொல்லக் கூடாது. ஃபின்டன், ஊன்றுகோலோடு நான், மாட்டு டாக்டர் சொரகா, பண்ணை ஆலோசகர் கோல்மன், மாதம் ஒரு பண்ணையாகச் சுற்றிப் பார்க்கும் அவர் குழுவிலிருந்து டாமி ஜோ, கான்செப்டா, பிறகு அழைக்காமலே சுவர் தாண்டி வந்த உன் சித்தப்பா மலாக்கி.

அன்று பசுக்களுக்கு ஸ்கேன் வைத்துச் சினை பார்க்கும் நாள். இந்த வருடம் கோல்மன் சொன்னதில் ஒன்றையும் ஃபின்டன் விடவில்லை. மண்ணைச் சோதித்துச் சுண்ணாம்பு போட்டான், மின்கம்பி இழுத்து வயலைத் துண்டு துண்டாக்கி மேய்ச்சலை மாற்றினான், கன்றுகளை எடை போட்டுப் பார்த்தான். உன் அப்பா காலத்தில்கூட இந்த வயலில் அப்படிக் கன்று கண்டதில்லை. கான்செப்டா பார்த்துவிட்டு, “உன் பங்கு சாப்பாட்டையும் இதுகளுக்கே போட்டுட்டியாப்பா” என்று கேட்டாள், அவனும் சிரித்தான். பிறகு ஒவ்வொரு பசுவாக இரும்புக் கூண்டுக்குள் ஏற்றினார்கள். முதல் பசு வெறும் வயிறு, இரண்டாவதும் வெறும் வயிறு. ஐந்தாவதில் டாமி ஜோ கேலியை நிறுத்தித் தொப்பியைக் கழற்றிவிட்டான். இருபதில் பதினான்கு சினை இல்லை. ஃபின்டன் வாங்கின காளைக்கு வசந்தத்தில் காய்ச்சல் வந்திருக்கும், “ஏறுவான், ஆனா சினை ஒன்னும் நிக்காது” என்று சொரகா சொன்னாள்.

வருடம் ஒரு கன்று போடாத பசு நம்மையே தின்னும் என்று ஓயாமல் சொல்லும் கோல்மன் அன்று அதைச் சொல்லவில்லை. தணிந்த குரலில், “ஜூலைலயே தெரிஞ்சிருந்தா வேற காளை விட்டிருக்கலாம். மூணு வாரத்துக்கொரு தடவை திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்திருக்குமே, யாருமே பாக்கலியா” என்றுதான் கேட்டார். யார் பார்ப்பது? ஃபின்டன் விடிவதற்கு முன்னே பால் லாரி ஓட்டப் போய்விடுவான், நான் இடுப்பெலும்பு முறிந்து கோடை முழுவதும் கால்வே மருத்துவமனையில் கிடந்தேன். அப்போது கேட்டில் சாய்ந்துகொண்டு மலாக்கி, “நான் பாத்தேனே. ஜூலை பூரா ஒரே கூத்து, ஒன்னு மேல ஒன்னு ஏறிக்கிட்டு, கல்யாண வீடு தோத்துச்சு” என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மலாக்கி” என்றான் டாமி ஜோ. “என்னை யாரு கேட்டா” என்றார் அவர்.

உன் தாத்தா ஓடைக்கரை வயலை உன் அப்பாவுக்கு எழுதி வைத்த நாளிலிருந்து மலாக்கிக்கு எரிச்சல், அது ஊருக்கே தெரியும். நானும் அவரைத் தாங்கினவள் இல்லை. ஆனால் போன ஈஸ்டரன்று அவருடைய கிடாரி சேற்றில் புதைந்தபோது, பூசைக்குப் போட்ட கோட்டைக்கூடக் கழற்றாமல் கயிற்றோடு இறங்கினவன் என் பிள்ளை.

பதினான்கையும் வியாழக்கிழமை இறைச்சி ஆலைக்கு ஏற்றிவிட்டான். மிச்சம் ஆறை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பது, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுகிறேன் என்கிறான். மறுநாள் மாலையே மலாக்கி வந்து உன் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, “நிலம் சும்மா கிடக்கக் கூடாது அண்ணி, நானே எடுத்துக்கிறேன்” என்றார். நான் ஊற்றின தேநீரை அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினேன். “விடும்மா, யாருக்குக் குடுத்தா என்ன” என்று ஃபின்டன் சொன்ன குரல் என் பிள்ளையின் குரலாகவே இல்லை. நிலத்தில் பாதி இன்னும் என் பெயரில் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட மாட்டேன், புல் இடுப்பளவு வளர்ந்து அழுகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியைக் கூப்பிட்டுப் பேசு, மாட்டைப் பற்றி மட்டும் கேட்காதே. உன் வீட்டில் அடுப்பும் சிரிப்பும் அணையாமல் இருக்கட்டும், தேவன் உங்கள் எல்லாரையும் காக்கட்டும்.

உன் அம்மா
அட்ராக்டா

பாதிரியார் மன்னிக்கச் சொல்கிறார். அந்தக் காளையை மன்னித்துவிட்டேன், அதை விற்றவனையும் மன்னித்துவிட்டேன். மன்னிக்க மாட்டாத ஒரே ஆள் மலாக்கி.