காகிதத்தில் வரைந்த பாதம்

மிசிசிப்பி,
20 மார்ச் 1951, செவ்வாய்

அன்பு மகன் க்ளியோனுக்கு, அம்மா லவீனியா ஆசியுடன் எழுதுவது.

முதலில் இதைப் படித்துவிட்டு மூச்சு விடு. அம்ப்ரோஸ் வீடு திரும்பிவிட்டார். உடம்பில் ஓர் எலும்பும் உடையவில்லை. சனிக்கிழமை நான் அடித்த தந்தியைப் பார்த்து ரயில் ஏறிவிடாதே. அப்போது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

உன் தங்கை ஒடெசா ஈஸ்டருக்குச் சபையில் வசனம் சொல்கிறாள். அதற்குப் புது ஷூ வாங்க இவர்தான் அவளைக் கூட்டிக்கொண்டு டோலிவர் கடைக்குப் போனார். நம் ஆட்கள் அங்கே போட்டுப் பார்க்கக் கூடாது என்பது உனக்குத் தெரிந்ததுதான். கறுப்புக் கால் பட்ட ஷூவை வெள்ளைக்காரர் வாங்க மாட்டார்களே. நானும் வழக்கம்போல் பழுப்புக் காகிதத்தில் அவள் பாதத்தை வரைந்து கொடுத்தனுப்பினேன். போன வருஷம் அப்படி வாங்கியது அவள் கட்டைவிரல் நகத்தையே தின்றுவிட்டது.

இவர் காகிதத்தை வெளியே எடுக்கவே இல்லை. "புள்ள போட்டுப் பாக்கட்டும் ஐயா, காகிதத்துக்கு வலிக்காது," என்றாராம். மண்டியிட்டு, தானே அவள் காலில் மாட்டி, நடந்து காட்டச் சொல்லியிருக்கிறார். ஒன்றல்ல, மூன்று ஜோடி. டோலிவர் ஷெரிப்பைக் கூப்பிட்டு இவரைச் சிறைக்கு அனுப்பிவிட்டார். ஒடெசா தனியாக இரண்டு மைல் நடந்து வந்து சொன்னாள்.

இரண்டு நாள் நான் பட்டதை எழுத மாட்டேன். உன் அப்பாவையும் இப்படி ஒரு சனிக்கிழமைதான் கூட்டிப் போனார்கள். திருப்பித் தரவில்லை.

திங்கட்கிழமை கோர்ட்டில் நிறுத்தினார்கள். நானும் போதகரும் நமக்கென்று இருக்கும் மாடியில் உட்கார்ந்திருந்தோம். "எந்த ஷூவைப் போட்டா? எடுத்துக் காட்டு," என்று நீதிபதி கேட்டதும் டோலிவர் முழித்தார். அன்றைய களேபரத்தில் கடைச் சிப்பந்தி மூன்றையும் பெட்டியில் போட்டு அலமாரியில் அடுக்கிவிட்டானாம். எது எதுவென்று அவனுக்கே தெரியவில்லை. கீழே, அன்று அங்கே ஷூ வாங்கிய வெள்ளைக்கார அம்மாக்கள், தாங்கள் வாங்கியது அதுதானோ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். டோலிவருக்கு வேர்த்துவிட்டது. "யாரும் எதையும் போட்டுப் பாக்கலீங்க, நாந்தான் அவசரப்பட்டுட்டேன்," என்று புகாரை வாபஸ் வாங்கினார். சிரிப்பை அடக்க நான் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் நன்றாகத் திட்டினேன். "ஒரு ஷூவுக்காக என்னை ரெண்டாந்தடவ விதவையாக்கப் பாத்தீங்களா?" என்றேன். "புள்ள என் மூஞ்சியவே பாத்துட்டு நின்னா லவீனியா. காகிதத்த எடுக்கக் கை வரல," என்றார்.

இனி கொத்து வேலைக்கு அவரை ஊருக்குள் யாரும் கூப்பிட மாட்டார்கள். அந்தக் கவலை இருக்கிறது. ஆனாலும் ஆள் அடுப்படியில் உட்கார்ந்து மூன்றாவது சோளரொட்டியைச் சாப்பிடுகிறார். எனக்கு இன்றைக்கு அது போதும்.

இன்னொன்று. துவைக்கும்போது அவர் சட்டைப்பையில் சிறைச் சீட்டு ஒன்று இருந்தது. ஏதாவது நேர்ந்தால் யாருக்குத் தெரிவிப்பது என்ற இடத்தில் என் பெயர் இல்லை. உன் பெயரும் டெட்ராய்ட் விலாசமும், பக்கத்தில் 'மகன்' என்றும் எழுதியிருந்தது. ஏன் என்று கேட்டேன். "அவன்னா வந்து உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிருவான்ல," என்றார்.

நான் அவரைக் கட்டிக்கொண்ட இந்தப் பன்னிரண்டு வருஷமாக நீ அவரைப் பெயர் சொல்லித்தான் விசாரிக்கிறாய். நான் ஒன்றும் கேட்டதில்லை. இந்தக் கடிதத்துக்குப் பதிலை மட்டும் அவருக்கே எழுது. எப்படி அழைத்துத் தொடங்குவது என்பதை உன்னிடமே விடுகிறேன்.

ஆண்டவர் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன் அம்மா,
லவீனியா