வெள்ளத்துல வராத கோடிப் புடவை

என் ராசாத்தி அக்காவுக்கு,

உன்னைத் தூக்குன அன்னிக்கு நீ கண்ணை மூடிக் கெடந்த. அதனால வந்தவங்க யார் யாருன்னு நான் சொல்றேன், கேட்டுக்க. உன் மவ செல்வி, அவ வூட்டுக்காரன் முருகேசன். செராமிக் கம்பெனியில உன் பக்கத்துல உக்காந்து விளக்கு அச்செடுக்குற லட்சுமி, முட்டித் தண்ணியில பேத்தியத் தோள்ல வச்சிக்கிட்டு வந்தா. எதிர்வூட்டு மேரி கட்டங்காப்பி போட்டுக் கொண்டாந்தா, பால் வண்டி வரலைன்னு. பங்காளிப் பெரியவர் நாராயணசாமி. அப்புறம் நான். தண்ணி மட்டும் இல்லாட்டி உனக்குத் தெருவு கொள்ளாத சனம் வந்திருக்கும்.

மணிமுத்தாறு கரை மீறி நம்ம தெருவுக்குள்ள வந்தப்ப நீ வூட்டப் பாக்கல. கம்பெனிக் கொட்டாயில காயப்போட்ட பச்சை விளக்கப் பாக்க ஓடுன. சூளையில வேகாத மண்ணு, தண்ணி பட்டாக் கூழு. "வுட்டுட்டு வாக்கா"ன்னேன். "கார்த்திகை வருதுடி, ஊர்ல எதுலடி விளக்கேத்துவாங்க?"ன்ன. இடுப்புத் தண்ணியில நின்னு பலகை பலகையாப் பரண்ல ஏத்துன. சாயங்காலமே குளிர் காய்ச்சல். அப்புறம் நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. ஆஸ்பத்திரிக்குக் கட்டிலோட தூக்கிக்கிட்டுப் போறோம், நீ வழியிலேயே போயிட்ட.

அந்த விளக்கெல்லாம் என்னாச்சுன்னு கேப்ப. பரணு ஒழுவி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் களிமண்ணாப் போச்சு. உங்கிட்ட இதச் சொல்லாமயே இருந்திருக்கலாம்.

நம்ம வழக்கம் உனக்குத் தெரியாததா? பொறந்த வூட்டுக் கோடிப் புடவை மேல விழாம பொம்பளையத் தூக்க மாட்டாங்க. கூடப்பொறந்த ஆம்பளை கையால போடணும். முருகேசன் ஸ்ரீமுஷ்ணத்துக்கு, நம்ம தம்பிக்குச் செல்லுல பேசுனான். "வெள்ளாறு ரோட்டு மேல ஓடுது மாப்ள, பஸ்ஸு இல்ல. நீச்சலா போட்டு வருவேன்?"னு கேட்டானாம். சரி, ஆத்த யாரு நிறுத்த முடியும்? அவனுக்காக நான் பரிஞ்சுதான் பேசுனேன். தண்ணி வடியட்டும், வந்துடுவான், காத்திருக்கலாம்னேன். அன்னிக்குப் பொழுதும் போச்சு, மறுநாளும் விடிஞ்சுது.

பூவுக்குப் போன முருகேசன் வெறுங்கையோட திரும்புனான். ஒரு முழம் சாமந்திக்குக் கேட்ட வெலையில முன்னெல்லாம் ஒரு மாலை வாங்கலாம். மேரி தன் வூட்டுச் செம்பருத்தியப் பறிச்சாந்து உன் காலடியில வச்சா. சுடுகாடு தண்ணிக்குள்ள. நனையாத விறகு ஊர்லயே இல்ல. கம்பெனி முதலாளிதான் சூளைக்குன்னு உள்ளார அடுக்கியிருந்த விறக எடுத்துக்கச் சொன்னாரு. ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட மேட்டுல வைக்கலாம்னு முடிவாச்சு.

"இதுக்கு மேல தாங்காதும்மா"ன்னாரு நாராயணசாமி. நான் தீவாளிக்கு எடுத்து இன்னும் மடிப்புக் கலைக்காத புடவையக் கொண்டாந்து உன் மேல போட்டேன். "பொம்பளை போடறது கோடி ஆவாதும்மா"ன்னு அவரு இழுத்தாரு. "நானும் அதே வயித்துல பொறந்தவதான், தூக்குங்க"ன்னேன். அப்புறம்தான் தூக்குனாங்க.

அக்கா, அங்க யாராச்சும் கேட்டாங்களா? என் புடவையப் பாத்துட்டு, இது எந்த வூட்டுக் கோடின்னு கேட்டிருந்தா நீ என்னா சொன்ன?

மறுநாளு பால் தெளிக்கணும், படையலுக்குக் காய் வேணும். ஆளில்ல, நானே பைய எடுத்துக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போனேன். தக்காளியக் கூறு கூட கட்டல, ஒண்ணு ஒண்ணா எண்ணி வித்தாங்க. கத்திரிக்காய் மூட்டை அடுக்கியிருந்த எடத்துல மட்டும் கூட்டம். "கிலோ என்னாங்க?"ன்னேன். மூட்டைக்குப் பின்னாடியிருந்து, "நூத்தி இருவது. வேணும்னா எடு, இல்லாட்டி நவுரு, வியாபாரத்தக் கெடுக்காத"ன்னு சத்தம் வந்துது.

அந்தக் கொரலுக்கு நான் தாலாட்டு பாடியிருக்கேன்.

"எந்தப் பாலத்து மேலடா வந்த?"ன்னேன். மூட்டைக்குப் பின்னாடியிருந்து எழுந்திரிச்சான் நம்ம தம்பி. "சின்னக்கா... பெரிய ரோடு சுத்தி, வேப்பூர் வழியா டெம்போவுல..." எடை போட்டுக்கிட்டிருந்த ஆளுக்கு வெவரம் தெரியல. "மொதலாளி நேத்து காலையிலயே வந்துட்டாரும்மா, இது ரெண்டாவது லோடு. இன்னிக்கு வுட்டா இந்த வெல கெடைக்குமா?"ன்னான்.

நேத்து காலையில! நீ கூடத்துல கெடந்த, நாங்க தெருவையே பாத்துக்கிட்டு நின்ன அதே காலையில.

"சரக்கு கெட்டுப் போயிடும்க்கா, அதான்"னான்.

"எங்க அக்கா கெடாம கெடந்தாளாடா?"

என் பையப் புடுங்கி, நல்ல காயாப் பொறுக்கிப் போட்டு ரொப்புனான். "காசு வேணாம்க்கா, எடுத்துக்கிட்டுப் போ"ன்னான். அங்கேயே சேத்துல கவுத்தேன். கவுத்த காய சனம் பொறுக்கிக்கிச்சு. அவங்களச் சொல்லிக் குத்தமில்ல, அந்த வெலைக்கு நானே பொறுக்கியிருப்பேன்.

கருமாதிக்குப் பட்டுப் புடவையோட வந்து விழுந்து அழுதான். "மாமாவாச்சே"ன்னு செல்வி வாங்கிக்கிட்டா. நான் எழுந்து கொல்லைக்குப் போயிட்டேன்.

இந்த வருசமும் மழை வுடல. வெங்காயம் ஏறிப்போச்சு, கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸு நேத்து பாதி வழியில திரும்பிடுச்சு. கம்பெனியில உன் எடத்துல இப்ப செல்வி உக்கார்றா. தண்ணி வந்தா ஒரு விளக்கக் கூடத் தொடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன். தலைய ஆட்டுறா. உன் மவளாச்சே, நம்பறதா வேணாமா?

வெளியூருல இருக்குற என் மவங்கிட்டயும் சொல்லி வச்சிட்டேன். நான் போற அன்னிக்கு ஆறு காஞ்சு கெடந்தாலும் சரி, பொறந்த வூட்டுக் கோடி என் மேல விழக் கூடாது. உனக்குக் கெடைக்காதது எனக்கு வேணாம். நீ வந்த மாதிரியே நானும் வரேன்.

செத்தவங்க மன்னிச்சிடுவாங்கன்னு சொல்றாங்க. நீ மன்னிச்சாலும் மன்னிச்சுக்க. நான் மன்னிக்க மாட்டேன், நம்ம தம்பி கலியமூர்த்திய.

உன் முதுகுல சவாரி போயி வளந்த தங்கச்சி,
அஞ்சலை