அறுபத்தொன்றும் எண்பத்து நான்கும்

ஜூன் 11, வியாழன்
காலையிலிருந்து சாரல். துணி எதுவும் காயவில்லை. வடசேரிச் சந்தையில் கத்தரிக்காய், மாங்காய், பாவாடை நாடா.

சினைப்பைப் புற்றுக்கு இதுவரை வந்த ரத்த எண், சி.ஏ. 125:
ஆபரேஷனுக்கு முன் 412
கீமோ 1க்குப் பின் 140
கீமோ 2க்குப் பின் 61
35க்குக் கீழே வரவேண்டும்.

கீமோ 3 முடிந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பது செவ்வாய்க்கிழமைதான். பொறுக்க முடியவில்லை. சந்தைக்கு எதிரே ஒரு புது லேப், ஏறிவிட்டேன்.

"டாக்டர் சீட்டு இருக்கா?"

"இல்ல மக்கா, சும்மா பாக்கத்தான்."

மாலை 6.10. போனில் வந்துவிட்டது. 84.

பெயர் என்னுடையதுதான். வயது 49, சரி. மறுபடியும் பார்த்தேன். 84.

செல்வராஜ் வாசலிலிருந்து, "சந்தையில என்னட்டி இவ்வளவு நேரம்?"

"பஸ் கிடைக்கல்ல."

கல்யாணமாகி இருபத்தாறு வருடம். செல்வராஜிடம் இப்படிப் பொய் சொன்னதில்லை.

ஜூன் 12, வெள்ளி
வெயில். வயிறு உப்பியதுபோல். தையல் டேப்பால் அளந்தேன். காலை 33 அங்குலம். சோறு தின்றபின் 33½. மறுபடி 33. மருந்து கேட்கவில்லையோ. மாற்றுவார்களா. மாற்ற மருந்து இல்லை என்பார்களா. மகள் ஷீபாவுக்கு ஆகஸ்டில் பேறு. பிள்ளையை யார் குளிப்பாட்டுவது?

அவளே கூப்பிட்டாள். "அம்மா, இப்பம் எவ்வளவு?"

"61தான் மக்களே. செவ்வாய்க்கிழமதான் அடுத்தது."

பேசி முடித்துக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜூன் 13, சனி
வாயில் புண். கஞ்சியும் தேங்காய்த் துவையலும், உறைப்பில்லாமல்.

செ. சந்தோஷமாக வந்தார். "நாளைக்கு நீ சபையில எந்திச்சு, கர்த்தர் சுகம் தந்தத சாட்சி சொல்லுவன்னு போதகர்ட்ட சொல்லியாச்சு. குறைஞ்சுட்டு வருதுல்லா?"

தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன்?

ஜூன் 14, ஞாயிறு
சபையில் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மொட்டைத்தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு எழுந்தேன். எல்லாரும் சிரித்த முகமாகப் பார்க்கிறார்கள்.

"எனக்காக ஜெபிச்சுக்கிடுங்க." உட்கார்ந்துவிட்டேன்.

வரும் வழியில், வயலோரமாக செ. ஸ்கூட்டரை நிறுத்தினார்.

"என்னத்தட்டி மறைக்க?"

சொன்னேன். ஹெல்மெட்டைக் கழற்றாமல் அப்படியே நின்றார். நாற்று நடுகிறவர்கள் எங்களையே பார்த்தார்கள்.

"மூணு நாளு இத தனியா வச்சிட்டு நடந்தியா?"

அழுதது அவர்தான்.

ஜூன் 15, திங்கள்
எழுத ஒன்றுமில்லை. இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜூன் 16, செவ்வாய்
ஆஸ்பத்திரி. ஒரு மணி நேரம் வரிசை, ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மாவிடம் 84 என்று சொன்னேன். கோபம்.

"லேப் மாறினா மெஷின் மாறும், எண்ணும் மாறும். அதையும் இதையும் சேத்து வச்சுப் பாக்கக் கூடாது. எப்பவும் ஒரே இடத்துல எடுங்க."

செ. கேட்டுவிட்டார், நான் கேட்கப் பயந்ததை. "இங்கயும் கூடியிருந்தா?"

"ஒத்த எண்ண வச்சு முடிவு பண்ண மாட்டோம். ஸ்கேன் பாப்போம். நாளைக்கு ரிசல்ட் வரட்டும்."

கூடியிருக்காது என்று அவர் சொல்லவில்லை.

ஜூன் 17, புதன்
10.40. ஆஸ்பத்திரியில் ரிசல்ட் கவரை செ. வாங்கிவந்தார். பிரிக்கவில்லை.

"நீ பாரு."

"நீங்க பாருங்க."

கடைசியில் நான்தான் பிரித்தேன். எண்ணைத் தேட நேரமாயிற்று.

43.

35 இல்லை. ஆனால் 61ம் இல்லை. டாக்டரம்மா தலையசைத்தார்: "இறங்குது. இன்னைக்கே நாலாவது கீமோ போட்டுருவோம்." செ. வராந்தாவுக்குப் போய் ஷீபாவுக்குச் சத்தமாகச் சொல்கிறார். யாரோ அதட்டுகிறார்கள்.

மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணல்.

செ. திரும்பிவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "பேடி போச்சாட்டி?"

"இல்ல."

"எனக்கும் பயம் போவல்ல."

நர்ஸ் என் பெயரைக் கூப்பிடுகிறாள்.