இடைவேளையில் கட்டிய சிவப்புத் துணி

செகிஞ்சானிலிருந்து உன் மகள் வந்திருந்தாள். நீ போன பிறகு உன் அலமாரியை ஒழித்தபோது கிடைத்ததாம்; முடிச்சுப் போட்டு வளையமாக இருந்த ஒரு சிவப்புத் துணியை என் கையில் வைத்தாள். "அம்மா இத உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாங்க, மாமா. எதுக்குன்னு கேட்டா சிரிச்சாங்க." துணியில் பாச்சை உருண்டை வாசனை. அந்த முடிச்சு நான் போட்டது.

அன்று மாலை தொலைக்காட்சியில் பெண்கள் பன்னாட்டுக் காற்பந்து. பெரிய நாடு ஒன்றும் சின்ன நாடு ஒன்றும் மோதின. முன்பெல்லாம் இப்படிப்பட்ட ஆட்டங்களில் கோல்களை எண்ணவே அலுத்துப் போகும். இப்போது சின்ன நாட்டுப் பெண்களும் ஈடுகொடுக்கிறார்கள். வெகு நேரம் யாருக்கும் கோல் இல்லை. பிறகு பெரிய நாடு பெஞ்சிலிருந்து புதிய ஆட்களை இறக்கியது. ஒவ்வொருத்தியும் வேறு நாட்டில் பிறந்திருந்தால் அணித்தலைவியாகியிருப்பாள். எதிரணியில் பலர் பகலில் கடையில் வேலை பார்த்துவிட்டுப் பயிற்சிக்குப் போகிறவர்கள் என்றார் வர்ணனையாளர். அவர்களில் ஒருத்தி கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு பெரிய நாட்டுக்குக் கோல்கள் விழத் தொடங்கின. வித்தியாசம் திடலைவிட அந்தப் பெஞ்சில்தான் இருக்கிறது என்று தோன்றியது. சரியாகத்தான் சொல்கிறேனா என்று கேட்க நீ இல்லை. ஆட்டம் தெரிந்தவள் நீ. எனக்கு நடுவரின் விசிலும் கைக்கடிகாரமும்தான்.

அந்த விசிலையும் நீதான் மாட்டிவிட்டாய். ரப்பர்த் தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்தோம். நான் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணியானேன். நீ பெண்கள் அணிக்குத் தலைவியானாய். "யாரோடயும் சண்ட போடத் தெரியாத ஆளு நீதான். நீயே ஊது," என்றாய்.

நம் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு வழக்கம் இருந்தது. பாதி ஆட்டத்தில் ஓர் அணி மிகவும் பின்தங்கிவிட்டால், எதிரணியிலிருந்து தனக்குப் பிடித்த ஒருத்தியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அணி மாறியவள் கையில் சிவப்புத் துணி கட்டிக்கொள்வாள்.

மாநில அணிக்கு ஆள் பார்க்க ஒருவர் வந்த நாள் நினைவிருக்கிறதா? அவர் உன்னைப் பார்க்கத்தான் வந்தார். அங்கே இடம் கிடைத்தால் அடுத்தது நாட்டு அணி. எதிரே ஜெராம் பக்கத்துச் சின்னத் தோட்டம். காலையில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்துவிட்டு லோரியில் நின்றபடியே வந்தவர்கள், பாதிப்பேருக்குக் காலில் சப்பாத்து இல்லை. இடைவேளையில் நாம் நான்கு கோல் முன்னால். அவர்கள் தயங்கித் தயங்கி உன்னைக் கேட்டார்கள்.

"இன்னிக்கு வேணாம் லா, வேற ஆள அனுப்பு," என்று நம் பெண்கள் கத்தினார்கள். எனக்கும் அதுதான் ஆசை. ஆனாலும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ கையை நீட்டினாய். "கட்டு, கிராணி. இறுக்கிக் கட்டு." கட்டினேன். "யப்பா, என் கையா மாட்டுக் கயிறா?" என்று சிரித்தபடி ஓடினாய்.

நீ மூன்று கோல் போட்டாய். அதற்கு மேல் எத்தனை உதைத்தும் நம் கோல்காவலர் விடவில்லை. குதித்தாள், புரண்டாள், சேற்றில் விழுந்து விழுந்து பிடித்தாள். ஆள் பார்க்க வந்தவர் அவளை அழைத்துக்கொண்டு போனார்.

வருத்தமா என்று அன்று உன்னைக் கேட்டேன்.

"இல்லாம இருக்குமா?" என்றாய். பிறகு, "மொதப் பாதி பூரா கொட்டாவி விட்டுக்கிட்டு நின்னா, பாவம். நான் அந்தப் பக்கம் போகலன்னா அவள யாரு பாத்திருப்பா?"

அவள் நாட்டுச் சட்டை போட்டு வெளிநாட்டில் ஆடினாள். கைநிறைய கோல் வாங்கிக்கொண்டு, கண் வீங்கித் திரும்பினாள். நீ அவள் தட்டில் மீன்குழம்பை ஊற்றியபடி கேட்டாய்: "ஏன்டி, அங்கல்லாம் எடவேளையில ஆள் மாத்திக்க மாட்டாங்களா?"

"அங்க துணியெல்லாம் கெடையாதுக்கா," என்றாள். அழுதுகொண்டிருந்தவள் அப்போதுதான் சிரித்தாள்.

எந்த ஆட்டத்தைப் பார்த்தாலும் முன்னணியில் இருப்பவர்களின் கோல்காவலரைத்தான் என் கண் இன்னும் தேடுகிறது. அன்று மாலையும் தேடினேன். வெகுதூரத்தில் தனியாக நின்றாள். சட்டையில் ஒரு சொட்டுச் சேறு இல்லை. இவள் எப்படி ஆடுவாள் என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

துணி மடியில் இருந்தது. அன்று நீ அதை அவிழ்க்காமல் அப்படியே கழற்றியிருக்கிறாய். நானும் அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால், அந்த வளையத்தில் இருக்கும் உன் கையின் அளவு போய்விடும்.