மைமூன் பெரியம்மாவின் கடைசிப் பக்கம்

மதராஸ்
12-6-1961

பிரியமுள்ள ஷமீம்,

அங்கே சாரல் தொடங்கியிருக்கும். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, மலையிலிருந்து மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்போமே! இந்த நூலகத்து இருட்டறையில் அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

உன் மைமூன் பெரியம்மாவின் பாட்டுப் புத்தகத்தை முழுக்க மைக்ரோபிலிமில் எடுத்துவிட்டேன். கறுப்புச் சுருளில் வெள்ளை எழுத்துகள், கருமேகத்தில் கொக்குக் கூட்டம் போல. அரபு எழுத்தில் எழுதிய அரபுத் தமிழ் எனக்குப் படிக்கத் தெரியாது. நீதான் தமிழ் எழுத்தில் எழுதித் தரவேண்டும். அவர் ‘வருதாக’ என்று எழுதியிருந்தால் ‘வருகிறார்கள்’ என்று திருத்திவிடாதே. பூச்சி அரித்த இடத்தில் நீயாக ஒரு சொல்லை வைக்காதே, இடம் விட்டுவிடு. சந்தேகமான இடத்தில் கேள்விக்குறி போடு. புத்தகம் ரிஜிஸ்தர் தபாலில் வருகிறது.

உன்
வடிவாம்பாள்

786
தென்காசி
3-7-1961

அன்பு வடிவு,

புத்தகம் பத்திரமாக வந்தது. நலம் விசாரிக்க மறந்தாலும் வேலை சொல்ல நீ மறப்பதில்லை! சொன்னபடியே எழுதினேன், கடைசிப் பக்கம் வரை.

வீட்டில் தாலாட்டும் கல்யாணப் பாட்டும்தான் பாடுவோம். அந்தப் பக்கத்தை யாரும் பாடியதில்லை. பெரியம்மா சின்ன வயதிலேயே கணவரை இழந்தாரே, அதற்குப் பின் எழுதியது. அருவிப் புகைக்கு அந்தப் பக்கம் நிற்கும் வேறொரு ஆணைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அவர் இன்றும் எங்கள் தெருவில் பேரன் பேத்திகளோடு இருக்கிறார்.

என் வீட்டுக்காரர் மசூது மச்சானிடம் காட்டினேன். கடையிலிருந்து பசியோடு வந்த மனிதர் சோற்றைத் தொடவில்லை. “இத ஊருக்குக் காட்டிட்டு, தெருவுல எப்பிடி நடக்கது?” என்றார். நம் சிநேகிதத்தின் பேரில் கேட்கிறேன், அதை மட்டும் எடுத்துவிடு.

ஷமீம் பானு

மதராஸ்
9-7-1961

ஷமீம்,

சத்தமில்லாமல் எடுத்துவிட்டால், பாட்டு அவ்வளவுதான் என்று நாளைக்குப் படிப்பவர்கள் நம்பிவிடுவார்கள். ஒரு பக்கம் இல்லை என்றாவது நான் எழுதிவைக்க வேண்டும். எங்கள் அதிகாரியோ, “எடுத்தது எடுத்ததுதான், அம்மா” என்கிறார்.

நீ கொடுத்தாய், நான் எடுத்தேன். இப்போது நீயே வேண்டாம் என்கிறாய். பெரியம்மாவை நாம் இருவருமே கேட்கவில்லையே. போய்க் கேள்.

வடிவு

786
தென்காசி
20-7-1961

வடிவு,

குற்றாலத்தில் தம்பி வீட்டில் இருக்கிறார் பெரியம்மா. பேச்சை விட அருவிச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது அங்கே. அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன்.

“ஏட்டி, எழுதுனவ இங்கன உசுரோட இருக்கேன். பெருமைன்னு நெனச்சப்ப நீயே தூக்கிக் குடுத்த. வெக்கம்னு நெனச்சதும் நீயே மறைக்கச் சொல்லுத. எம் பாட்ட எங்கிட்ட கொண்டா. அந்தப் படத்தையுந்தான்” என்றார்.

நான் அழுதுவிட்டேன். நீ என்ன செய்வாய் என்று தெரியவில்லை.

ஷமீம்

மதராஸ்
2-8-1961

அன்புள்ள ஷமீம்,

இந்த உறைக்குள் இருக்கும் துண்டுதான் அந்தப் பக்கம். இங்கே வேறு பிரதி கிடையாது. வெட்டிய இடத்தில், ‘எழுதியவர் கேட்டதால் ஒரு பக்கம் திருப்பிக் கொடுக்கப்பட்டது’ என்று எழுதி, அதையும் படமெடுத்து ஒட்டியிருக்கிறேன்.

அதிகாரிக்குச் சரியான கோபம். என்னைப் புத்தகப் பட்டியல் அட்டை எழுதும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். அந்தப் படமெடுக்கும் இயந்திரம் நான் கையால் தொட்டுப் பழகியது. போகட்டும், இங்கே ஒரு ஜன்னல் இருக்கிறது. பெரியம்மாவுக்கு என் வணக்கம்.

வடிவு

786
தென்காசி
16-8-1961

என் வடிவுக்கு,

பெரியம்மா வாசலில் நின்று பிலிமை வெளிச்சத்தில் பிடித்து, கடுகாகிப்போன தன் எழுத்தைப் பார்த்தார். பின்னால் மலை முழுக்க வெள்ளைப் புகை. “இம்புட்டுக்காண்டு ஆயிட்டனே!” என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. உதடு மட்டும் அசைந்தது. பாடினாரோ என்னவோ, அருவிச் சத்தத்தில் கேட்கவில்லை.

உன் வேலை மாறியதைச் சொன்னேன். துண்டை என் கையில் திருப்பி வைத்தார்.

“கேட்டதும் குடுத்துட்டாளே அந்தப் புள்ள! அவகிட்டயே அனுப்பு. ஒட்டி வச்சுக்கிடட்டும். ஆனா அவுகளும் நானும் போன பொறவுதான் ஆளுக பாக்கணும்.”

மச்சானே கடையிலிருந்து மெல்லிய மல்துணி கிழித்துவந்து, துண்டைச் சுற்றிக் கட்டினார். தபாலாபீசுக்கும் அவரே போனார்.

ஷமீம்

786
தென்காசி
15-7-1967

வடிவு,

பாட்டில் பெரியம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் சித்திரையில் காலமானார். அன்று பெரியம்மாவுக்குச் சொல்லி அனுப்பினோம். “அப்பிடியா” என்றாராம், அவ்வளவுதான்.

நேற்று வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்கு முன் பெரியம்மாவும் போய்விட்டார். அடக்கம் முடிந்து திரும்பும்போது வெயிலும் சாரலும் சேர்ந்து விழுந்தன. மச்சான் குடையை விரிக்காமலே நடந்து வந்தார்.

இனி யார் கேட்டாலும் அந்தப் பக்கத்தைக் காட்டு. பெயரையும் மறைக்க வேண்டாம்.

ஷமீம் பானு